‘கல் ஓகே’ என்றான் பிரபு

குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித்தரச் சொல்லியிருக்கிறார்கள். பணி அனுபவங்கள் எழுதும் வயது எனக்கு இன்னும் ஆகவில்லை, எனக்கே தெரியும். ஆனால் அடுத்த கப்பலில் மெயின்லேண்ட் போகிறேன். அங்கிருந்து வேறொரு நாடு, வேறொரு ஓபரா. திரும்பி வருவதற்குள் நீங்கள் எனக்கே பாடம் எடுக்குமளவுக்கு வளர்ந்துவிடுவீர்கள். முந்திக்கொள்ள இதுதான் சமயம்.

மேடையை எப்படி அளப்பது, பாடுபவர்களை எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. அதெல்லாம் ஒத்திகையில் தானாக வந்துவிடும். போர்ட் பிளேரில், ஷாதிபூர் மண்டபத்தில் ஒரு மாலை நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. இயக்குநர் என்றால் வாத்தியக்காரர்களுக்கு எதிரே கையை ஆட்டிக்கொண்டு நிற்பவர் என்று என் அம்மா இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். அது இசை நடத்துநர். கதையில் யார் எங்கே நிற்பது, ஏன் பாடுவது, எதைப் பார்த்துப் பாடுவது என்று மாதக்கணக்கில் முடிவு செய்துகொண்டிருப்பவர்தான் இயக்குநர். நாடகம் தொடங்கியதும் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. மேடை மேலாளர் கையில் எல்லாம் போய்விடும். ஒன்றும் செய்ய முடியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்துக்காக யாரும் உங்களைத் தயார்படுத்த மாட்டார்கள்.

என்னை ஒருத்தி தயார்படுத்தினாள். வெளிநாட்டு அரங்கம் ஒன்றில் நான் உதவி இயக்குநராக இருந்தபோது அங்கே மேடை மேலாளராக இருந்தவள். என் வயதுதான். ஒருநாள் நாடகத்தின் நடுவே மேடைக் கதவு சிக்கிக்கொண்டது. கதாநாயகன் அந்தப் பக்கம், கதாநாயகி இந்தப் பக்கம். நான் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் என் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்திவிட்டு, காதில் மாட்டியிருந்த கருவியில் எல்லாரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். யாருக்கு மூச்சு முட்டுகிறது? யாருக்கும் இல்லை என்று பதில் வந்தது. அப்படியானால் கதவை விடுங்கள் என்றாள். கதாநாயகன் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்து வந்தான். பார்த்தவர்கள் அதுதான் காதல் என்று நினைத்துக் கைதட்டினார்கள். எது உடைந்தது என்று முதலில் பார்க்காதே, யார் திணறுகிறார்கள் என்று பார். இதை அவள் எனக்கு விளக்கிச் சொல்லவே இல்லை. அந்தக் கேள்வியைத் தினமும் கேட்டாள், அவ்வளவுதான். அவளுக்கு நான் பட்டிருக்கும் கடன் கொஞ்சமில்லை.

இனி ஷாதிபூர். பேச்சே இல்லாமல் முழுக்கப் பாட்டாகவே போகும் நாடகம் ஒன்றை நாங்கள் புதிதாகச் செய்தோம். இசை நடத்துநர் சூசன் டீச்சர். மலையாளி, பள்ளியில் இசை கற்பிப்பவர், கீபோர்டும் அவர்தான். கதை சின்னது. தமிழ்நாட்டுக் கடற்கரையிலிருந்து ஒரு குடும்பம் படகோடு தீவுக்கு வருகிறது. மனைவிக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை. அடுத்த கப்பலில் போய்விடலாம், அடுத்த கப்பலில் போய்விடலாம் என்று சொல்லியே பத்து வருடம் ஓட்டுகிறாள். அதுவரை படகின் நங்கூரத்தைத் தண்ணீரில் இறக்க அவள் விடுவதில்லை. எங்கள் பாடகி பிலோமினாவின் வீட்டில் நங்கூரத்துக்குக் கல் என்றுதான் பெயர். அதனால் நாடகத்திலும் அது கல்தான். நிஜக் கல். இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். முதல் காட்சியிலிருந்தே அது கயிற்றில், மேடைக்கு மேலே எல்லாரும் பார்க்கத் தொங்கிக்கொண்டிருக்கும். கடைசிக் காட்சியில் அவள் மனம் மாறி, “கல்லை இறக்குங்கள் இங்கே” என்று பாடுவாள். அந்த ‘இங்கே’யின் ஏகாரத்தை உச்சியில் நிறுத்திப் பிடிப்பாள். கல் மெல்ல இறங்கும். பலகையில் அது தொடும் சத்தத்தோடு குரலும் நிற்கும். இருட்டு. முடிந்தது.

தெர்மாகோல் கல் செய்துகொள்ளலாமே என்று எல்லாரும் கேட்டார்கள். அந்தச் சத்தம் தெர்மாகோலில் வராது.

பிலோமினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் பிலோக்கா என்போம். பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம், வீட்டுக்காரர் படகு எஞ்சின் மெக்கானிக். மாதா கோயில் பாடகர் குழுவில் பல வருடம் முன்வரிசையில் நின்றவர். தொண்டையில் கட்டி வந்து சென்னையில் ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பேச்சே கிசுகிசுப்பாகத்தான் வந்தது. அவருடைய இடத்தில் வேறொருவரை நிறுத்திவிட்டார்கள். டாக்டர் பாடலாம் என்று சொன்ன பிறகும் அந்த இடம் திரும்பக் கிடைக்கவில்லை. இவரும் போய்க் கேட்கவில்லை. நான் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது மீன் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்.

“வாரேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்க. அன்னைக்கு தொண்ட மக்கர் பண்ணுச்சுன்னா அதோட முடிஞ்சது. பாட்டுன்னு ஒரு பேச்சு கிடையாது. நீ வந்து கெஞ்சப்பிடாது, என்ன?”

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? புரோத்ராபூரில் பாக்கு காயப்போடும் கொட்டகை ஒன்றில்தான் ஒத்திகை. உச்ச ஸ்வரத்துக்குப் போகும்போதெல்லாம் அவருடைய இடது கை தானாகக் கழுத்துத் தழும்புக்குப் போகும். வலித்தால் மட்டும்தான் போகும் என்பதை நானும் சூசன் டீச்சரும் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டோம். அவரிடம் சொல்லவில்லை. அந்தக் கையைப் பார்த்தே ஒத்திகையை நிறுத்துவோம், தேநீர் என்போம், மின்விசிறியைக் குறை சொல்வோம்.

இன்னும் இரண்டு பேர்தான். மேடை மேலாளர் பிரபு, சென்னையிலிருந்து புதிதாக வந்தவன், கெட்டிக்காரன், இந்தி ஒரு சொல்கூடத் தெரியாது. கயிற்றுக்குப் பொறுப்பு ஷ்யாமல்தா, அதாவது ஷ்யாமல் அண்ணன். வங்காளி, துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கிப் பழகியவர், தமிழ் தெரியாது. எங்கள் தீவில் இது ஒரு பிரச்சினையே இல்லை. நடுவில் யாராவது ஒருவர் இந்தியில் சொல்லிவிடுவோம். அப்படியும் இல்லாவிட்டால் ஓகே என்ற சொல் இருக்கவே இருக்கிறது. அந்தச் சொல்லை நம்பித்தான் பாதி போர்ட் பிளேர் ஓடுகிறது.

முதல் நாள். இரண்டு மாலைகள் நடத்துவதாக ஏற்பாடு. காலையில் போய்ப் பார்த்தால் மண்டபத்தின் தகரக் கூரை ஒழுகி, கயிறு முழுக்க நனைந்து ஊதிக் கிடக்கிறது. கப்பியில் ஓடவில்லை. ஷ்யாமல்தா எங்கிருந்தோ புதுக் கயிறு கொண்டுவந்து மாட்டினார். ஆனால் அவருக்குத் திருப்தி இல்லை. புதுக் கயிறு கனத்தில் இழுபடும், முடிச்சு நழுவும், ஓர் இரவு தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு இறக்குவதுதான் நல்லது என்றார். கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

“ஆஜ் உதாரேகா கி கல், மேடம்?”

இன்றைக்கு இறக்குவதா, நாளைக்கா என்று கேட்கிறார். சாயங்காலம் வரை தொங்கட்டும், பார்த்துவிட்டு வாக்கி டாக்கியில் சொல்லி அனுப்புகிறேன் என்றேன். தலையாட்டினார். சாயங்காலம் நானும், நாடகத்தில் ஊர்க்காரர்களாக வரும் மீனவர்கள் இரண்டு பேரும் முடிச்சை இழுத்துப் பார்த்தோம். இம்மியும் நழுவவில்லை. மக்கள் உள்ளே வர ஆரம்பித்துவிட்டார்கள். கல் இன்றைக்கு உண்டு, ஷ்யாமல்தாவிடம் சொல்லிவிடு என்று பிரபுவிடம் சொல்லிவிட்டு நான் கடைசி வரிசைக்குப் போனேன். பிரபு வாக்கி டாக்கியை எடுத்தான்.

“ஷ்யாமல்தா, கல் ஓகே.”

“கல்? ஓகே, ஓகே” என்று பதில் வந்தது. என் காதிலும்தான் அது விழுந்தது. இரண்டு மொழியும் தெரிந்த எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. இந்தியில் கல் என்றால் நாளை. பிரபு கல்லை இறக்கலாம் என்று சொன்னான். ஷ்யாமல்தாவுக்கு நாளைக்குத்தான் என்று பதில் கிடைத்தது. அவர் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார். இன்றைக்கு வேலை இல்லை என்று காதிலிருந்த கருவியையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். வேலையை அவர் சரியாகத்தான் செய்தார். பிரபுவும் சரியாகத்தான் செய்தான்.

நாடகம் நன்றாகப் போனது. தெலுங்கர்கள், வங்காளிகள், ராஞ்சிக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். இரண்டாவது வரிசையில் கோயில் பாடகர் குழு மொத்தமும் உட்கார்ந்திருந்தது. பிலோக்கா அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. இடது கை ஒரே ஒரு தடவை கழுத்துப் பக்கம் உயர்ந்தது, பாதியிலேயே இறங்கிவிட்டது. நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் காட்சி. கணவனும் ஊர்க்காரர்களும் ஒதுங்கி நிற்கிறார்கள். பிலோக்கா மேலே தொங்கும் கல்லைப் பார்த்து, “கல்லை இறக்குங்கள் இங்கே” என்று பாடி அந்த ஏகாரத்தில் போய் நின்றார். குரல் தெளிவாக, நேராக, தகரக் கூரை வரை போனது. கல் அசையவில்லை.

பிரபு கருவியில் இரண்டு தடவை ‘கல், கோ’ என்று உத்தரவு கொடுத்தான். பதில் இல்லை. பிலோக்கா ஸ்வரத்தை விடவில்லை. கல் தொடும்வரை விடக்கூடாது என்று அவரிடம் நூறு தடவை சொன்னது நான். ஒத்திகையில் பிடிப்பதைப்போல இரண்டு மடங்கு நேரம் ஆகிவிட்டது. சூசன் டீச்சர் விரல்களை எடுக்காமல் அதே சுருதியைத் தாழ்வாகப் பிடித்துக்கொண்டிருந்தார். பிரபு கருவி வழியாக என் காதில் கேட்டான்.

“அக்கா, கல்லு எறங்கல. பிளாக்அவுட் குடுத்துரவா?”

ஒரு பொத்தான்தான். விளக்கை அணைத்தால் பிலோக்கா நிறுத்திக்கொள்ளலாம், தொண்டை தப்பிக்கும். ஆனால் கல் தொங்கிக்கொண்டிருக்கவே கதை முடிந்துபோகும். பாடிய பாட்டு வீண் என்று ஆகிவிடும், அதுவும் இரண்டாவது வரிசைக்கு எதிரே. விடாமல் போனால் அந்தக் குரல் எல்லார் முன்னாலும் கிழியலாம். கிழிந்தால் அவர் சொன்னதைச் செய்வார். அவரை எனக்குத் தெரியும்.

நான் கல்லைப் பார்ப்பதை நிறுத்தினேன். அவருடைய இடது கையைப் பார்த்தேன். அது உடம்போடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே போகவில்லை.

“வேண்டாம். பொறு” என்றேன்.

சரியாகத்தான் சொல்கிறேனா என்று அப்போது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்காது. கையைப் பார்த்தேன், அதை நம்பினேன், அவ்வளவுதான்.

பிலோக்கா ஸ்வரத்தை விட்டார். மூச்சு தீர்ந்து விழுந்த மாதிரி இல்லை, போதும் என்று கீழே வைத்த மாதிரி. எங்கோ ஒரு குழந்தை இருமியது. பிலோக்காவின் தோள் உயர்வதை சூசன் டீச்சர் பார்த்திருக்க வேண்டும். அவர் மூச்சை இழுத்து முடிப்பதற்குள் அந்த வரியின் முதல் ஸ்வரம் கீபோர்டில் தயாராக இருந்தது. அந்த ஒரு ஸ்வரத்துக்காக சூசன் டீச்சருக்கு ஆயுள் முழுக்க மீன் குழம்பு வைத்துத் தரலாம். எனக்கு வைக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

பிலோக்கா நடக்க ஆரம்பித்தார். மேடையோரத்தில் மீன் வலை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தோம். அதன் பின்னால்தான் கயிற்றைக் கட்டியிருந்தோம். அந்தப் பக்கம் போய்க்கொண்டே, உச்சத்தில் இல்லாமல், வீட்டுக்குள் பேசுகிற உயரத்தில் பாடினார்.

“கல்லை இறக்குறேன் இங்கே.”

இறக்குங்கள் இல்லை. இறக்குறேன். நாங்கள் எத்தனையோ நாள் உட்கார்ந்து எழுதிய பாட்டில் அந்தப் பெண் கடைசிவரை அடுத்தவர்களைத்தான் ஏவிக்கொண்டிருந்தாள். பத்து வருடம் கல்லை இறக்க விடாதவள் அதைத் தன் கையால்தானே இறக்க வேண்டும்? எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கதைக்குள்ளே நின்றிருந்தவருக்குத் தோன்றியது.

அழகை ரசிக்க எனக்கு நேரமில்லை. பிரபு கத்தாத குறையாகச் சொன்னான், அவங்க கயித்தப் பிடிக்கிறாங்க அக்கா. கல்லின் கனம் எனக்குத் தெரியும். முடிச்சு சட்டென்று அவிழ்ந்தால் கயிறு அவர் கையை அறுத்துக்கொண்டு ஓடும். குழுவில் இருக்கும் மீனவர்களை அனுப்பு, ஷ்யாமல்தாவைத் தேடு என்றேன். மீனவர்கள் அதற்குள் நடந்துவிட்டிருந்தார்கள். அவர்களுக்கு இயக்குநர் எதற்கு? ஒரு பெண் தனியாகக் கயிற்றில் நிற்பதைப் பார்த்தால் அவர்கள் கால் தானாகப் போகும். ஷ்யாமல்தாவும் அங்கேதான் இருந்தார். பக்கத்தில் பேப்பர் கப்பில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர், பாட்டுக்கார அம்மா தன்னுடைய கயிற்றை நோக்கி வருவதைப் பார்த்ததும் கப்பை அப்படியே போட்டுவிட்டு, வலைக்குப் பின்னால் கயிற்றின் வாலைப் பிடித்து இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. பிலோக்கா முடிச்சை அவிழ்த்தபோது முழுக் கனமும் அவரிடம் போகவில்லை. ஆனால் நிறையப் போனது.

பிலோக்கா கை மாற்றி மாற்றி இறக்கினார். அதே வரியைத் திரும்பப் பாடிக்கொண்டே. கனம் தோளுக்கு ஏறியதும் இரண்டாவது ‘இங்கே’யில் குரல் பிளந்தது. எல்லாருக்கும் கேட்டது. பின்னால் நின்ற மீனவர்கள் அந்த ஸ்வரத்தை எடுத்துக்கொண்டார்கள். அது அவர்களுடைய பாட்டே இல்லை, அந்த இடத்தில் அவர்கள் பேசாமல் நிற்க வேண்டும். சூசன் டீச்சர் தலையை மட்டும் ஆட்டினார். கல் பலகையில் தொட்டது. அந்தச் சத்தம் கடைசி வரிசையில் என் செருப்பு வரை வந்தது. அப்போதுதான் பிரபு விளக்கை அணைத்தான்.

கைதட்டலை நான் சரியாகக் கேட்கவில்லை. மேடைக்குப் பின்னால் ஓடினேன். அங்கே ஷ்யாமல்தாவும் பிரபுவும் நேருக்கு நேர் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தும் ஹீ போலா கல், நீதானே சொன்னாய் கல் என்று அவர் சொல்கிறார். கல்லுன்னுதானே சொன்னேன் என்று இவன் சொல்கிறான். இருவரும் ஒரே சொல்லை ஒருவர் மேல் ஒருவர் எறிந்துகொண்டிருக்கிறார்கள். இரண்டு நிமிடம் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. விளக்கியதும் பிரபு தரையில் உட்கார்ந்துவிட்டான். ஷ்யாமல்தா வெகுநேரம் சிரிக்கவில்லை. பிறகு, இனி பாட்டுக்கார அம்மாவே கல்லை இறக்குவார் என்றால் தனக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்று கேட்டார். நம் குழுவில் தமிழர்கள்கூடக் கல்லைப் பத்தர் என்று இந்தியில் சொல்வதற்கு இதுதான் காரணம். நீங்களும் அப்படியே சொல்லுங்கள். தமிழ்ப் பற்றை வேறு எங்காவது காட்டிக்கொள்ளலாம்.

எனக்கு அப்போது பயமெல்லாம் ஒன்றே ஒன்றுதான். உடை மாற்றும் அறையில் பிலோக்கா நாற்காலியில் உட்கார்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. சூசன் டீச்சர் கீபோர்டை உறையில் போட்டு மூடிவிட்டு, பக்கத்தில் நின்றிருந்தார். நானும் போய்ப் பேசாமல் நின்றேன். கெஞ்சக்கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தேனே.

“பிளந்துச்சே, கேட்டியா?” என்றார்.

கேட்டேன் என்றேன்.

“எங்க?”

“ரெண்டாவது ‘இங்கே’யில.”

“ம்.” இன்னொரு வாய் வெந்நீர். “அது தொண்டையால இல்லட்டி. கல்லு கனத்தால. ஒன் கையில அதத் தந்தா நீ பேசக்கூட மாட்ட.” கப்பைக் கீழே வைத்தார். “தொண்ட நல்லாத்தான் இருக்கு. நான் பாக்காமலா இருப்பேன்?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவர் கவனிக்காத மாதிரி சூசன் டீச்சரின் பக்கம் திரும்பினார்.

“டீச்சர், நீங்களும் இவளும் சேந்து எனக்குத் தெரியாம பாட்டு மொத்தத்தையும் ஒரு படி சுருதி இறக்கி வச்சிருக்கிய. சின்னப் பிள்ளைக்குப் பால்ல மருந்து கலந்து குடுக்க மாதிரி. இறக்குன அன்னைக்கே எனக்குத் தெரியும். பாவம், ஆசையா செய்யுதுவன்னு விட்டுட்டேன். இனி வேண்டாம். பழைய இடத்துலயே வைங்க.”

சூசன் டீச்சர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிலோக்கா எழுந்து நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சூசன் டீச்சர் குனிந்து கீபோர்டு உறையின் ஜிப்பை மறுபடி திறந்தார்.